அறியப்படாத இசைவாணர்

இசையுலகில் புகழ் பெற்றோர் சிலர். திறன் இருந்தும் அறியப்படாதோர் பலர். திரைப்படத்தின் துணையும் பெருநிறுவனங்களின் விளம்பரமும் இன்றித் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, இசைத்தொகுப்புகளை வெளியிடும் இளைஞர் இன்று தமிழ்நாட்டில் பலர் உளர். அவர்தம் பாடல்களைத் தேடிக் கேட்பதும், அவற்றின் நிறைகுறைகளை எடுத்துரைப்பதும் இசையை விரும்புவோர் கடமையாகும்.

"நல்ல இசையாயின் தானே புகழ் பெறாதோ?" எனச் சிலர் வினவுவர். அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்னும் பாடகர் இருந்தார். 1928-ஆம் ஆண்டில் அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ஆனால் அவை மிகுதியாக விற்கவில்லை. அவரும் தம் ஊருக்குத் திரும்பி உழைத்து வாழ்ந்தார். 35 ஆண்டுகள் கழிந்தன. இசையார்வலர் ஒருவர் அப்பழைய பாடல்களுள் ஒன்றைச் செவிகொடுத்துக் கேட்டார். அதில் அவலான் என்னும் ஊர்ப்பெயர் வந்தது. அச்சொல்லையே துணையாகக் கொண்டு தேடிச் சென்று, 1963-இல் ஹர்ட்டைக் கண்டார். அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில் பெருந்திரளான மக்கள் அம்முதியவரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர். 1966-இல் அவர் மறைந்தார். தேடிச் சென்றவர் இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்திருந்தால் என்னாகியிருக்கும்? நல்ல இசைக்கும் நல்ல செவி வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இத்தகைய இழப்புகள் உண்டு. தொண்டூர் முதலிய சிற்றூர்கள் அமைந்த செஞ்சி வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். 1714-இல் போரில் வீழ்ந்த தேசிங்கு மன்னனின் கதை, பாட்டாகி ஊரெங்கும் பரவியது. மன்னனையும் அவன் குதிரையையும் தோழன் மகமத்கானையும் மக்கள் மறந்திலர். ஆயின் அக்கதையை ஊரூராகப் பாடித் திரிந்தோர் யாவர்? அவர்தம் பெயர்கள் காற்றோடு கலந்தன. தெருக்கூத்தில் முகவீணை ஊதியும் மத்தளம் முழக்கியும் விடியுமளவும் மக்களை மகிழ்வித்தோர் பலரின் நிலையும் இதுவே.

மாணவர்களே! புதிய இசைத்தொகுப்பு ஒன்று கிடைத்தால் மும்முறையேனும் கேளுங்கள். குரலில் உயிர் உண்டா, சொல் தெளிவாக ஒலிக்கின்றதா, கருவிகள் பாட்டுக்குத் துணை நிற்கின்றனவா, அதனை மூடி மறைக்கின்றனவா என ஆராயுங்கள். நன்றெனின், ஏன் நன்று என்று கூறுங்கள். குறை காணின் மறையாது, ஆனால் இன்சொல்லால் கூறுங்கள். வெற்றுப் புகழ்ச்சியும் வன்சொல்லும் கலைஞனை வளர்ப்பதில்லை. நீங்கள் எழுதியதை உங்கள் பள்ளியின் கையெழுத்து ஏட்டில் வெளியிடுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் பிழையின்றிக் குறியுங்கள். இன்று நாம் குறிக்கும் பெயரே நாளை நிலைக்கும்.