இடைவெளி யாருடையது?

எங்க பெரியம்மா 11 வருடம் ரோடு கூட்டினாங்க. 2013 ஜனவரியில் தொடங்கி 2023 டிசம்பர் வரைக்கும். வட மாவட்டத்து நகரம் ஒன்றின் குப்பையை விடியற்காலை 5 மணிக்கு வார ஆரம்பித்து வெயில் ஏறும்வரை வாரினவங்க. ஆனால் பி.எப். கணக்கைத் திறந்து பார்த்தால் அவங்க வேலை செய்தது 8 வருடம் 2 மாதம்தான். மீதி 2 வருடம் 10 மாதம் எங்கே போனது?

"நான் எங்கடா போனேன், அந்தத் தெருவுலதான இருந்தேன்" என்கிறாங்க பெரியம்மா.

சாதி ஒழிப்பு பேசும் இதழின் தலையங்கத்தில் ஒரு பெரியம்மாவின் பி.எப். கணக்குக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் இருப்பீர்கள். வேலை இருக்கிறது. சாதி கோயில் வாசலிலும் டீக்கடைத் தம்ளரிலும் மட்டும் இல்லை. கணக்கில் காலியாகக் கிடக்கும் கட்டத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது. அதை வாசிக்க நாம் இன்னும் பழகவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16இல் வந்தது. பி.எப்.புக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இந்தத் திட்டத்துக்குப் போகிறது. 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயது முதல் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பிறகு மனைவிக்கோ கணவனுக்கோ ஒரு பங்கு உண்டு. 10 ஆண்டு இல்லையென்றால் ஓய்வூதியம் கிடையாது. ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு சலுகை உண்டு. 6 மாதமோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் அதை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது 9 வருடம் 6 மாதம் இருந்தால் அது 10 ஆண்டு.

பெரியம்மாவுக்குக் குறைந்தது 16 மாதம். 11 வருடம் உழைத்தவருக்கு 16 மாதம் குறைகிறது என்றால், அந்த இடைவெளி யாருடையது?

நகராட்சியில் நிரந்தர வேலை இருந்த காலத்தில், பரம்பரையாகத் துப்புரவு வேலைக்குள் தள்ளப்பட்ட நம் சனத்துக்கு ஒரே ஆறுதல் கடைசிக் காலத்துப் பென்ஷன். குத்தகை முறை வந்தது. வேலை அதே வேலை, வாருகிற கையும் அதே சாதிக் கை. போனது பென்ஷன் மட்டும்தான். பெரியம்மாவுக்கு 11 வருடத்தில் மூன்று காண்ட்ராக்டர்கள். முதல் ஆள் 15 மாதம் கணக்கிலேயே காட்டாமல் கையில் கூலி கொடுத்தார். இரண்டாவது ஆள் 2018, 2019இல் 19 மாதம் கூலியில் பி.எப். பிடித்தார், கட்டவில்லை. 15ம் 19ம் சேர்ந்தால் 34 மாதம். அதுதான் காணாமல் போன 2 வருடம் 10 மாதம்.

பக்கத்து வீட்டு அக்கா கதை இதைவிட மோசம். ஒவ்வொரு காண்ட்ராக்ட் முடியும்போதும் சூப்பர்வைசர் ஒரு பாரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு, பணம் வரும்" என்பார். அது 10சி பாரம். அதே பாரத்தில் பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடு என்று கேட்டால் அதுவரை செய்த சேவை அடுத்த வேலையோடு சேரும். பணமாக எடுத்துவிட்டால் அந்தச் சேவை அழிந்துபோகும். இதை யாரும் அவங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு முறை எடுத்தாங்க. மகள் கல்யாணத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. இன்றைக்கு ஓய்வூதியம் இல்லை.

பெரியம்மா தப்பித்தது ஒரு தகர டப்பாவால். எழுத்துத் தெரியாத மனுசி, 19 மாதச் சம்பளச் சீட்டையும் மடித்து அதில் வைத்திருந்தாங்க. சீட்டில் பி.எப். பிடித்தம் என்று தெளிவாக இருந்தது. 2024இல் அதை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். நகராட்சியில் "அது காண்ட்ராக்டர் பொறுப்பு" என்றார்கள். காண்ட்ராக்டரின் போன் அணைந்திருந்தது. 1952ஆம் ஆண்டு பி.எப். திட்டத்தின் 30ஆம் பத்தி வேறு மாதிரி சொல்கிறது. காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வைத்த ஆளுக்கும் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது. கட்டிவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளியை அலைய விடக் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த 19 மாதத்து பில் நகல்களைக் கேட்டோம். ஒவ்வொரு பில்லிலும் பி.எப். தொகையைச் சேர்த்தே நகராட்சி பணம் கொடுத்திருக்கிறது. கட்டிய ரசீதைக் கேட்கவில்லை. மக்கள் பணமும் போச்சு, பெரியம்மா கூலியும் போச்சு. பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவிலும் அது இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவிலும் இருக்கிறது. பஸ்ஸில் பர்ஸ் அடித்தவனைக் கட்டிவைத்து உதைக்கும் ஊர், இந்தத் திருடனை "சார்" என்கிறது.

பி.எப். ஆபீசிலிருந்து நோட்டீஸ் போனது. 2025 ஜூலையில் 19 மாதப் பணமும் கட்டப்பட்டது. 98 மாதம் 117 ஆனது. 9 வருடம் 9 மாதம், அதாவது 10 ஆண்டு. பிறகு பிறந்த தேதிப் பிரச்சினை. ஆதாரில் 1966 ஜனவரி 1. பிறந்தநாள் தெரியாத சனத்துக்கெல்லாம் சர்க்கார் கொடுத்த பிறந்தநாள் அது. பி.எப். பதிவில் 1969. அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஓய்வூதியம் 3 வருடம் தள்ளிப் போயிருக்கும். அடுத்தது கைரேகை. குப்பையும் பிளீச்சிங் பவுடரும் தின்ற விரலில் ரேகை விழவில்லை. முகத்தைக் காட்டியே ஆயுள் சான்று கொடுக்க 2022இல் வழி வந்துவிட்டது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் 10டி பாரம் கொடுத்தோம். கணக்கு இதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பெரியம்மாவுக்கு 10,500 பெருக்கல் 10, வகுத்தல் 70. மாதம் 1,500 ரூபாய்.

இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தத் திட்டத்தில் 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் முதியோர் உதவித்தொகையை 1,200 ஆக்கியது. உழைத்துச் சேர்த்த உரிமைக்கு வைத்த குறைந்தபட்ச விலை, ஆதரவற்றோருக்குக் கொடுக்கும் உதவியைவிடக் குறைவு. அந்த அநியாயத்தை எதிர்த்துத் தனியாகப் போராடத்தான் வேண்டும். ஆனால் உதவித்தொகை கேட்கப் போனால் நாதியற்றவள் என்று மனுவில் எழுத வேண்டும். இந்த 1,500க்கு அப்படி எழுத வேண்டியதில்லை. "இது என் கூலிடா" என்றாங்க பெரியம்மா. அதற்குமேல் நாம் விளக்க ஒன்றும் இல்லை.

இப்போது அவசரம் எங்கே என்றால், 2025 நவம்பர் 21இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதலாளி கட்டாத நிலுவையை முடிவு செய்யும் விசாரணையைத் தொடங்க அதன் 125ஆம் பிரிவு 5 ஆண்டுக் கெடு வைக்கிறது. பழைய சட்டத்தின் 7ஏ பிரிவில் அப்படியொரு கெடு இல்லை. நம் சனம் கணக்கைப் பார்ப்பது உடம்பு ஓய்ந்த பிறகுதான். அதற்குள் 5 ஆண்டு ஓடிப் போயிருக்கும். திருடியவனுக்குக் காலம் துணை நிற்கும். பெரியம்மாவின் அந்த முதல் 15 மாதம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. சீட்டும் இல்லை, சாட்சி சொல்ல ஆளும் இல்லை.

ஒரு சுயவிமர்சனமும் செய்துகொள்ள வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். அவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், 11 வருடமாகப் பெரியம்மாவின் பி.எப். கணக்கை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. 2019இலேயே பார்த்திருந்தால் 2019இலேயே கேட்டிருக்கலாம். அவங்க கட்டிய பீஸில் படித்தவர்கள்தான் நாம்.

ஆகவே மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் துண்டறிக்கைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மா, அத்தை, சித்தப்பா யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்காருங்கள். பி.எப். எண்ணை வாங்கிப் பாஸ்புக்கை மாதம் மாதமாகப் பாருங்கள். ஓய்வூதியப் பங்குக்குத் தனிக் கட்டம் இருக்கும். எந்த மாதம் காலி என்று குறியுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண் இருந்தால் ஒன்றாக்குங்கள். பெயர், பிறந்த தேதி ஒத்துப் போகிறதா பாருங்கள். சீட்டு எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். 10சி பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் நமக்குக் காட்டச் சொல்லுங்கள். பி.எப். நிறுவனம் 2023இல் மாவட்டந்தோறும் மாதம் 27ஆம் தேதி குறைகேட்பு முகாம் நடத்தத் தொடங்கியது. அங்கே ஒருவராகப் போகாதீர்கள். ஒரு தெருவே சேர்ந்து போங்கள். ஒரே காண்ட்ராக்டர் ஒருத்தியிடம் மட்டும் திருடியிருக்க மாட்டான்.

கற்பி என்பதில் இதுவும் அடங்கும்.

பெரியம்மா முதல் மாத ஓய்வூதியத்தை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். "இவளுக்கும் ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருடா" என்றாங்க.

பார்த்துக்கொண்டிருக்கிறோம்.