கழுதைப் பட்டம்

சீட்டு என்றதுமே முகஞ்சுளிக்கும் பெரியோர் பலர் உளர். பணம் வைத்தாடும் சீட்டைப்பற்றி அவர்கள் கூறுவது நியாயமே. ஆனால் ‘கழுதை’ ஆட்டத்தில் காசுக்கு வேலையில்லை. 52 சீட்டுகளையும் பங்கிட்டபின், இஸ்பேட் ஆஸ் உடையவர் அதை முதலில் இறக்குவார். மற்றவரும் அதே இனச் சீட்டைப் போடவேண்டும். எல்லோரும் அவ்வாறே போட்டால் அச்சீட்டுகள் கழிந்தன. பெரிய சீட்டுக்குரியவர் அடுத்து இறங்குவார். அவ்வினம் கையிலில்லாத ஒருவர் வேறு சீட்டால் வெட்டிவிட்டாலோ, முதல் இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் அத்தனையும் வாரிக்கொள்ள வேண்டியதுதான்! கைச்சீட்டுத் தீர்ந்தவர் தப்பினார். கடைசியில் சீட்டோடு நிற்பவரே கழுதை.

சென்ற கோடை விடுமுறையில் ஓரிரவு, எட்டு வயதுப் புதல்வி வெட்டிய வெட்டில் அப்பட்டம் நமக்கே கிட்டியது. குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர், நாமும் சிரித்தோம். விளக்கை அணைத்துப் படுத்தபோதோ சிரிப்பு மறைந்தது. கணக்குத் தவறிய பிள்ளைகளை வகுப்பில் எத்தனை முறை அப்பெயரிட்டு அழைத்திருக்கிறோம்! ஆட்டத்தில், அடுத்த முறை சீட்டுப் போட்டதும் பட்டம் கைமாறிவிடும். வகுப்பிலோ, அது அப்பிள்ளையுடன் வீடுவரை நடந்து சென்றிருக்குமன்றோ?

பள்ளி திறந்த நாள் முதல் அச்சொல்லைச் சீட்டாட்டத்திற்கே விட்டுவிட்டோம்.