நாரிநோவும் ஏறும் சீனியும்

2011 உலகக் கிண்ணத்தின்போது எடுத்த ஊக்கமருந்துச் சோதனையில் இலங்கை வீரர் உபுல் தரங்கவின் உடலில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு இருப்பது தெரியவந்து, மூன்று மாதத் தடை விழுந்தது. தோள்நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தோடு அது உள்ளே போயிருந்தது. ஆட்டத்திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று விசாரணையும் ஏற்றது. இன்னதென்று தெரியாத அத்தகைய மருந்து, அக்கராயனில் வயல்வேலை முடிந்து நாரிநோவோடு வரும் நீரிழிவுக்காரருக்கு இன்னும் பெரிய ஆபத்து. வீக்கத்தை அடக்கும் இந்த ஸ்டீராய்டு, ஈரலைக் கூடுதல் குளுக்கோசு உண்டாக்கத் தூண்டும். தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதையும் குறைக்கும். நீரிழிவுக் குளிசையான மெட்ஃபோமின் ஈரலில் எதைக் கட்டி வைக்கிறதோ, அதையே இது அவிழ்த்துவிடுகிறது. சீனி ஏறினால் பழி சோற்றின் மேல்தான் விழும். நோமருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு இல்லையே என்பார்கள். பரியாரியாரின் மூலிகையை நான் குறைசொல்லவில்லை. பெயர் சொல்லாமல் கலக்கும் ஸ்டீராய்டைத்தான் சொல்கிறேன். அப்படியானால் நோக்குளிசையான டைக்லோபெனாக் போடலாமே என்றால், நீரிழிவால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது குறைத்துவிடக்கூடும். எந்தக் குளிசையானாலும் கிளினிக்கில் காட்டுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் பயந்து சடுதியாக நிறுத்தவும் கூடாது: அதற்குள் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கலாம்.