‘பரையா’ என்றொரு ஏற்றுமதிச் சொல்

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்று கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய சொற்களை வகுப்பறையில் பெருமையோடு அடுக்குவது நம் வழக்கம். அவ்வரிசையில் ‘பரையா’வையும் சேர்த்துச் சில ஆண்டுகள் சொல்லிவந்தோம். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்க ஊர்ல இந்தப் பேரைச் சொல்லித் திட்டினா வன்கொடுமைச் சட்டத்துல வழக்குப் போடலாம். இங்கிலீஷ் பேப்பர்ல போட்டா மட்டும் கொடையா?” என்றார். அன்று நம்மிடம் விடை இல்லை.

பறை என்பது தோற்கருவி. சொல்லுதல் என்ற பொருளும் அதற்குண்டு. மலையாளிகள் இன்றும் பேசுவதைப் ‘பறயுக’ என்கிறார்கள். புறநானூற்றின் 335ஆம் பாடல், பறையனைச் சிறப்புற்ற நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் நோன்பிருக்கும் பெண்கள் கண்ணனிடம் கேட்பதும் பறையைத்தான்.

இச்சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயணக் குறிப்புகளின் வழியே ஆங்கிலத்தில் ஏறியது. ஒரு குடியின் பெயர் முதலில் சாதிக்குப் புறம்பானோர் எல்லோருக்கும் பொதுப்பெயராயிற்று; பின்னர் சமூகம் விலக்கிய எவருக்கும் ஆயிற்று. முதல் விரிவே பிழை என்று 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி சுட்டியும் பயனில்லை. அதற்குள் பாரிஸில் நாடகமாகவும் (1821), நேப்பிள்ஸில் டோனிசெட்டியின் இசைநாடகமாகவும் (1829) அச்சொல் மேடையேறி முடிந்திருந்தது.

தெருநாய் ‘பரையா நாய்’ ஆனது. ஊருக்குள் இரைதேடும் பருந்து ‘பரையா பருந்து’ ஆனது. உலகம் தள்ளிவைத்த நாடு ‘பரையா நாடு’. இந்தக் கடைசித் தொடர்தான் நம்மை அதிகம் உறுத்துவது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலக நாடுகள் ஒதுக்கியபோது ஆங்கில ஏடுகள் அதற்குச் சூட்டிய பெயர் இதுவே. ஒடுக்கியவனைத் தூற்றுவதற்கு ஒடுக்கப்பட்டவனின் பெயர்! எழுதியவர்களுக்கு வன்மம் இருந்ததென்று நாம் கருதவில்லை. வேர் தெரியாமல் எழுதியிருப்பார்கள். சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ்களுக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டாரே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் தம் பெயரைத் தாமே நிமிர்த்திப் பிடித்தார். தலையங்கக்காரர் செய்வது அதுவன்று.

ஆங்கிலத்துக்குச் சொற்பஞ்சமும் இல்லை. ‘அவுட்காஸ்ட்’ இருக்கிறது. வெளியே எறியப்பட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒலி ஒத்திருந்தாலும் சாதியைக் குறிக்கும் ‘காஸ்ட்’ வேறு, இது வேறு. அதை எழுதட்டும். நாமும் கொடைப் பட்டியலிலிருந்து ‘பரையா’வை எடுத்துவிட்டோம். அச்சொல்லுக்கென்று இப்போது தனியே ஒரு வகுப்பு எடுக்கிறோம்.