காளான் வளர்ப்பு: விளம்பரம் சொல்லாத செலவு

"ஒரே ஒரு ரூம் போதும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்!" காளான் வளர்ப்புக்கு ஆள் பிடிக்கும் இந்த மாதிரி விளம்பரங்களில் ஒரு வார்த்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்: ஈரப்பதம்.

சிப்பிக் காளானுக்குக் காற்றில் 80 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். கோடையில் 40 டிகிரி தொடும் மதுரையில் அது தானாக வருமா? தரையில் மணல், சுற்றிலும் நனைத்த சாக்கு, தினமும் தண்ணீர் தெளிப்பு... தண்ணீர், கரண்ட், கூலி எல்லாமே செலவுதான். லாபக் கணக்கில் இந்த வரியையே காணோம்!

"தண்ணீரை நன்றாக அடித்தால் போதும்" என்பது அடுத்த பொய். காற்றோட்டம் இல்லாமல் அடைத்து வைத்தால் கரியமில வாயு தேங்கி, காம்பு நீண்டு, குடை சிறுத்துப் போகும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போதும் அதே அளவு தெளித்தால் பாக்டீரியாவுக்குத்தான் கொண்டாட்டம்.

மதுரை வேளாண் கல்லூரி எம்.டி.யு. 1 என்ற சிப்பிக் காளான் ரகத்தையே தந்திருக்கிறது. ரகம் நல்லதுதான், ஆனால் அது ஈரத்தைக் கூடவே கொண்டு வராது. எனவே காளான் வித்து விற்பவர்கள் முதலில் ஈரப்பதமானியைக் கையில் கொடுத்துப் படிக்கக் கற்றுத் தரட்டும். அது சில நூறு ரூபாய்க் கருவி. கடன் வாங்கிக் கொட்டகை போடும் குடும்பத்தின் நட்டம் அதைவிடப் பெரியது.