பெரிது வாங்கினால் போதுமா?

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மோதிரத்துக்கும் கல்யாணச் செலவுக்கும் மட்டுமல்ல, மோட்டார் காரின் இன்டர்கூலருக்கும் அது பொருந்தும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து.

“இயற்பியல் மாணவனுக்குக் கார்ப் பேச்சு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் கோவையில் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் இருப்பதால், லாரிகளுக்கும் வேன்களுக்கும் நடுவே வேகப் பிரியர்களின் கார்களும் எப்போதாவது எங்கள் பட்டறைக்கு வரும்.

சென்ற கோடை விடுமுறையில் அப்படி ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்தது. 1.8 லிட்டர் டர்போ எஞ்சின். கம்பெனி வைத்த சிறிய இன்டர்கூலர் முன்சக்கரத்தின் அருகே பம்பர் மூலையில் ஒளிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு, முன்பக்கம் வேறொன்று பொருத்த வேண்டுமென்றார் காருக்குரியவர். தெரிந்தவர் கடையிலிருந்து இரண்டைப் பார்வைக்குக் கொண்டு வந்திருந்தார். ஒன்று நடுத்தரமானது. மற்றொன்று பம்பரின் வாய் முழுவதையும் அடைக்கும் அளவு அகலமும் தடிமனும் கொண்டது.

தந்தையார் இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு வாயில் காற்றுக் குழாயை வைத்து, மறு வாயில் உள்ளங்கையை வைத்தார். “சின்னதே போதுமுங்க தம்பி. பெருசுல காத்து தெணறுது” என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க பிஸிக்ஸ் படிக்கறவரு, சொல்லுங்க” என்றார். பரப்பு கூடினால் குளிர்ச்சி கூடும் என்று நான் பேராசிரியரைப் போல விளக்கினேன். பெரியதே பொருத்தப்பட்டது.

நான் சொன்னது முழுப் பொய்யன்று. பாதி உண்மை. பாதி உண்மைதான் பல நேரங்களில் முழுப் பொய்யைவிட ஆபத்தானது!

டர்போ என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி. அமுக்கினால் காற்று சூடேறும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். 35 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கருவியில்கூட அது 102 டிகிரியை எட்டும். கருவியின் திறன் நூற்றுக்கு எழுபது என்று கொண்டால் 131 டிகிரி ஆகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதோடு, சிலிண்டருக்குள் எரிபொருள் தானே முந்திக்கொண்டு வெடிக்கும் ‘நாக்கிங்’ என்னும் தொல்லையையும் அது வரவழைக்கும். ஆகவே இன்டர்கூலர் தேவை என்பதில் ஐயமில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். 131 டிகிரியை 55 டிகிரிக்கு இறக்கினால், அழுத்தம் குறையாத வரை, காற்றின் அடர்த்தி சுமார் 23 சதவீதம் கூடும். இன்னும் பெரியதை வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் மேலும் கிடைப்பது 3 சதவீதமே. ஆனால் உள்ளே நெருக்கமான தகடுகளும், நீண்ட குழாய்களும், அவற்றின் வளைவுகளும் சேர்ந்து, 2 பார் அழுத்தத்தில் கூடுதலாக 0.1 பாரை விழுங்கினால் 5 சதவீதம் போய்விடும். மூன்று சம்பாதித்து ஐந்தைத் தொலைப்பது என்ன வியாபாரம்? இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போவை மேலும் சுழலவிட்டால், காற்று மேலும் சூடேறும்.

தந்தையாரின் உள்ளங்கை அளந்தது இந்த 0.1 பாரைத்தான். நாம் ஆய்வகத்தில் மானோமீட்டர் வைத்து அளப்பதை அவர் முப்பதாண்டுப் பழக்கத்தில் கையால் அளக்கிறார்.

நடந்தது என்ன? அவினாசி சாலை நெரிசலில் கார் நின்று நின்று போகையில் எஞ்சின் வெப்பமுள் மேலே ஏறத் தொடங்கியது. முன்னால் நின்ற தடித்த இன்டர்கூலர், பின்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்றை மறித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் சற்றுத் தாமதித்தே வந்தது. பெரிய கூண்டையும் நீண்ட குழாயையும் காற்று நிரப்பியாக வேண்டுமல்லவா? ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது. பொருத்திய பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பணம் அவருக்கு நட்டம், இரண்டு நாள் உழைப்பு தந்தையாருக்கு நட்டம். நான் மட்டும் எதையும் இழக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “படிச்சத அளந்து பாத்துட்டுச் சொல்லு கண்ணு” என்றார், அவ்வளவே. நடுத்தரமானது பொருத்தப்பட்டது. முள் அதன் இடத்தில் நின்றது.

இன்டர்கூலர் வாங்க நினைப்போர் முதலில் கடைக்குப் போக வேண்டியதில்லை. இருப்பதன் முன்னும் பின்னும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பழையதே வேலையைச் செய்கிறதென்றால் பணம் மிச்சம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கார் எங்கே ஓடப்போகிறது என்று கேட்க வேண்டும். சட்டமும் தகடுமாக அடுக்கிச் செய்த கனத்த வகை, நிறைய வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருமுறை சூடேறினால் ஆறவும் நேரமாகும். குழாயும் மெல்லிய தகடுமாகச் செய்த வகை எடை குறைந்தது, பின்னால் காற்றை எளிதாக விடும். சில நிமிடம் தடத்தில் விரைவதும், ஒரு மணி நேரம் சிக்னல்களில் நிற்பதும் ஒன்றல்ல.

ஜப்பானியர் 1992-இல் வெளியிட்ட இரு கார்களைப் பாருங்கள். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் இன்டர்கூலர் எஞ்சினின் மேலேயே அமர்ந்திருந்தது. குழாய் குறுகியது, ஆனால் எஞ்சினின் சூடு கீழிருந்து தாக்கும். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனில் அது முன்பக்கம் இருந்தது. குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் குழாய் நீளும். இரண்டும் பெயர் பெற்ற கார்களே. எந்த இடத்திலும் ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன.

மாணவ நண்பர்களே! படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக நம் சொல்லை நம்புகிறவர்கள் நம் வீதிகளில் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைக்கு நாம் தரும் விலை என்ன? நியூட்டனின் குளிர்தல் விதிக்குக் கலோரிமீட்டரில் நிமிடத்துக்கு நிமிடம் அளவெடுத்த நான், பட்டறை வாசலில் ஓர் அளவும் எடுக்காமல் தீர்ப்புச் சொன்னேன். பட்டம் பெறும் முன்பே அந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது. அதற்கான கட்டணத்தை மட்டும் வேறொருவர் கட்டினார்.

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்