வராதவங்களுக்கு எதுக்குங்க இடம்?

முகாமுக்கு இடம் புக் பண்ணிட்டு வர முடியலைன்னா கேன்சல் பண்ணுங்களேன்! போனை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினா முடிஞ்சது. அதுக்குக்கூடவா மனசு வராது?

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி, வில்சன்ஸ் புரொமன்டரி. மெல்பர்னிலிருந்து கேம்பர்வேனில் மூணு மணி நேரம். அங்கே டைடல் ரிவர் முகாமில் ஒரு இடம் பிடிக்க நாங்க பட்ட பாடு! எப்பப் பார்த்தாலும் 'ஃபுல்'. எங்களோட வர ஆசைப்பட்ட ஒரு குடும்பம், இடமே இல்லைன்னு குழந்தைகளைச் சமாதானப்படுத்தி வீட்டிலேயே இருந்துட்டாங்க. நாங்க போய் வண்டியை நிறுத்தினா? பக்கத்து இடம் காலி. எதிர்ல காலி. இருட்டியும் ஒருத்தரும் வரலை.

2024 டிசம்பரிலிருந்து 2025 ஜூன் வரைக்கும் விக்டோரியா அரசு தேசியப் பூங்காக்கள்ல முகாம் கட்டணமே வேண்டாம்னு சொல்லியிருந்த நேரம் அது. விலைவாசியில திணறுற குடும்பங்களும் காட்டைப் பார்க்கட்டும்னு செஞ்ச நல்ல காரியம். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? ஓசிதானே, போட்டு வைப்போம், தோணினா போவோம்!

சரி, வந்தவங்களாவது ஒழுங்கா? சாயங்காலமானா வாம்பட் முகாமுக்குள்ளேயே புல் மேய வரும். மண்ணைத் தோண்டுற ஜீவன். குட்டி மேல மண் விழாம இருக்க வயித்துப் பையோட வாயே பின்பக்கமா இருக்கும். அதைத் தள்ளி நின்னு பார்த்தா போதாதா? செல்ஃபிக்காக ரொட்டியை நீட்டுறாங்க. பழகின வாம்பட் நாளைக்குச் சாப்பாட்டு வாசனைக்குக் கூடாரத்தைக் கிழிச்சா, பழி அது மேலதான். இன்னொருத்தர் வேன் சிங்க்ல சேர்ந்த சோப்புத் தண்ணியை அப்படியே புல்தரையில திறந்து விடுறார். ஐயா, அந்தப் புல்லுதானே வாம்பட்டுக்குச் சாப்பாடு!

மவுன்ட் ஓபரான் 558 மீட்டர். மூச்சு வாங்க ஏறி, பாஸ் நீரிணையில தீவுகள் சிதறிக் கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம்னா, உச்சியில புளூடூத் ஸ்பீக்கர் அலறுது. இறங்குற வழியில புதர் ஓரமெல்லாம் டாய்லெட் பேப்பர். கழிப்பறை இல்லாத இடத்துல நீர்நிலையை விட்டு 100 மீட்டர் தள்ளிப் போய், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி மூடணும்னு விதி இருக்கே. ஒரு சின்ன மண்வெட்டி அவ்வளவு பாரமா?

பூங்கா நிர்வாகமே, ரெண்டு தடவை சொல்லாம கொள்ளாம வராதவங்களுக்கு அந்த வருஷம் முழுக்க புக்கிங் கிடையாதுன்னு ஒரு விதி போடுங்க. காலியான இடத்தை அன்னிக்கு ராத்திரியே, கேட்டு வர்ற குடும்பத்துக்குக் கொடுங்க.